பழைய பெயிண்ட் மேலேயே அடிக்கலாமா, தகடு வரை எடுக்கணுமா? கிளாசிக் காருக்கு வீட்டில் பெயிண்ட் அடிக்குமுன் ஓர் ஒப்பீடு

அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ எதுவானாலும் சரி, வீட்டு வாசலில் வைத்தே பெயிண்ட் அடிக்கலாம் என்று இறங்குகிறவர் முதலில் இந்தக் கேள்வியில்தான் மாட்டுவார். டிங்கரைக் கேட்டால் "முழுசா சுரண்டி எடுத்துடுங்க" என்பார். பெயிண்டரைக் கேட்டால் "தேய்ச்சுட்டு மேலேயே அடிச்சுக்கலாம் சார்" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வண்டியை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

புதுப் பெயிண்ட் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, பழைய பெயிண்டைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழையது தகட்டை விட்டுக் கிளம்பினால் மேலே அடித்த உயர்ந்த ரகமும் கூடவே கிளம்பும். அதனால் இந்த முடிவை மொத்த வண்டிக்கும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. ரூஃப், பானட், நாலு டோர், நாலு மட்கார்டு, டிக்கி என்று ஒவ்வொரு பேனலுக்கும் தனியாகத் தீர்ப்பு எழுத வேண்டும். ஒரே அம்பாசிடரில் இடது டோரைத் தகடு வரை எடுக்க வேண்டியிருக்கும், வலது டோருக்கு 400 நம்பர் பேப்பர் (உப்புத்தாள்) தேய்ப்பே போதும்.

பழைய பெயிண்டைச் சோதிக்கும் விதம்

முதல் சோதனை தின்னர். வெள்ளைப் பஞ்சை என்சி (நைட்ரோசெல்லுலோஸ் என்ற சீக்கிரம் காயும் ஸ்ப்ரே பெயிண்ட்) தின்னரில் நனைத்து, டிக்கி மூடியின் உள்விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சில் நிறம் கரைந்து வந்தால் கீழே இருப்பது என்சி. பெயிண்ட் சுருங்கிப் பால் ஆடை மாதிரி எழும்பினால் சிந்தெட்டிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் சூட்டில் வேகவைத்த கம்பெனி பெயிண்ட், அல்லது ஹார்ட்னர் (இறுக வைக்கும் கலவை) கலந்த பி.யூ. (பாலியூரித்தேன் பெயிண்ட்). தொழிற்சாலையில் என்ன அடித்திருந்தாலும், நாற்பது ஐம்பது வருஷ வண்டி நடுவில் பல பட்டறைகளைப் பார்த்திருக்கும். எனவே ஒரு பேனலில் வந்த முடிவை இன்னொன்றுக்கு நம்ப வேண்டாம்.

இரண்டாவது பிடிப்புச் சோதனை. புது பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே இன்னும் ஆறு கோடு, தகடு தெரியும் ஆழத்துக்குக் கீறுங்கள். மேலே நல்ல பசையுள்ள டேப்பை ஒட்டி நகத்தால் தேய்த்து, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். 25 கட்டம் இருக்கும். ஓரங்களில் மட்டும் துளி உதிர்ந்தால் பரவாயில்லை. நாலைந்து கட்டம் முழுசாகக் கழன்று டேப்போடு வந்தால் அந்தப் பேனலில் மேலே அடிப்பது வீண் செலவு.

மூன்றாவதுதான் அதிகம் சொல்லித் தரும். டோர் கைப்பிடிக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 180 நம்பர் பேப்பரால் தகடு தெரியும் வரை தேய்த்து, சுற்றிலும் சரிவாக இழுத்துவிடுங்கள். நடுவில் தகடு பளிச்சிடும். அதைச் சுற்றிப் பழைய சிவப்புப் பிரைமர் ஒரு வளையம், வெள்ளை ஒன்று, மெலிதாகச் சாம்பல் பிரைமர், நீலம், மறுபடி சாம்பல், கடைசியில் இப்போது கண்ணில் படும் வெள்ளை. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினதுபோல் வண்டியின் சரித்திரமே அங்கே கிடக்கும். நிற வளையம் இரண்டோடு நின்றால் மேலே அடிக்கத் துணியலாம். மூன்றைத் தாண்டினால் எடுத்துவிடுவதே மேல். பெயிண்டின் கனத்தை அளக்கும் கனமீட்டர் கையில் இருந்தால் இன்னும் தெளிவு: கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரும், 300ஐத் தாண்டிய படலத்தின் மேல் இன்னொரு சுற்று ஏற்றினால் வெயிலில் விரிந்து சுருங்கும்போது வெடிப்பு விடும்.

கூடவே ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டின் கீழ்ப்பக்கம், டோர் அடி, சக்கர வளைவு என்று ஓட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் கீழே கனத்த பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. அதற்கும் கீழே பெரும்பாலும் துரு இருக்கும்.

வழி ஒன்று: பெயிண்டே அடிக்காமல் விடுவது

இதை யாரும் சொல்வதில்லை, சொன்னால் யாருக்கும் கூலி இல்லை. மங்கிப்போன என்சி அல்லது எனாமல் பல சமயம் மேலே ஒரு வெள்ளைத் தூசிப் படலமாக மட்டுமே செத்திருக்கும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஓர் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். தண்ணீர் வண்டியின் நிறத்தில் ஓடினால் அது க்ளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத படலம்) இல்லாத ஒற்றைப் பெயிண்ட், ரப்பிங் காம்பவுண்டு போட்டால் எழுந்து வரும். வெள்ளைப் பாலாக ஓடினால் மேலே க்ளியர் கோட் உண்டு. அது உரிய ஆரம்பித்திருந்தால் பாலிஷ் காப்பாற்றாது.

கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கும் வண்டி கிடைத்தால், பொட்டுப் பொட்டாக உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டு மீதியை பாலிஷில் நிறுத்துவதே நல்லது. மறுபெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். முதல் பெயிண்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பானட்டின் மடிப்புக் கோடுகளிலும் டோர் விளிம்புகளிலும் மெஷின் பாலிஷை ஓட்டாதீர்கள். அங்கே பெயிண்ட் எப்போதும் மெலிசு, இரண்டு சுற்றில் பிரைமர் தெரிந்துவிடும்.

வழி இரண்டு: தேய்த்து மேலே அடிப்பது

பிடிப்புச் சோதனையில் தேறி, வளையமும் கம்மியாக இருந்தால் இது நேர்மையான வழிதான், மட்டமான குறுக்குவழி என்று நினைக்க வேண்டியதில்லை. பழைய பெயிண்ட் தகட்டுக்கு நல்ல காவல். ஒழுங்காக நிற்கும் கம்பெனி பிரைமரை எடுத்துவிட்டு, வீட்டு வாசலில் அடிக்கும் பிரைமர் அதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தேய்க்குமுன் கழுவ வேண்டும். இது பலரும் தலைகீழாகச் செய்வது. வருஷக் கணக்காக ஏறிய மெழுகும் டேஷ்போர்டு பாலிஷின் சிலிகானும் மேலே இருக்கும்போதே தேய்த்தால், அதைக் கீறலுக்குள் அழுத்தி ஏற்றிவிடுகிறோம். அப்புறம் எத்தனை துடைத்தாலும் பெயிண்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், நன்றாக அலசல், பிறகு கிரீஸ் ரிமூவர் என்று வரிசை. கிரீஸ் ரிமூவரை ஒரு துணியால் தடவி, காயுமுன் இன்னொரு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் துடைப்பது பட்டறைப் பழக்கம். இரண்டும் எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும்.

பிறகு 320ல் மட்டம் பார்த்து 400ல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. தேய்த்த பேனலைக் காயவிட்டு வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பாருங்கள். சிலேட்டுப் பலகை மாதிரி ஒரே மங்கலாக இருக்க வேண்டும். ஊசிமுனை அளவுக்கு மினுக்கும் புள்ளிகள் தெரிந்தால் அவை பேப்பர் தொடாத பள்ளங்கள், புதுப் பெயிண்ட் அங்கிருந்துதான் உரியும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், தேய்த்த சேற்றைக் கிணற்றடிப் பக்கமோ கீரைப்பாத்திப் பக்கமோ ஓடவிடவும் வேண்டாம்.

அடுத்து எபாக்சி பிரைமரை (ஹார்ட்னர் கலந்து அடிக்கும், அடிப்பெயிண்டைப் பூட்டிவைக்கும் பிரைமர்) மெலிதாக ஒரு கோட், அதன்மேல் பிரைமர் சர்ஃபேசர் (கீறலை நிரப்பித் தேய்க்கும் பிரைமர்) இரண்டு கோட், 600ல் தேய்ப்பு, பிறகு நிறம். பழைய நிறம் சிவப்போ மெரூனோ ஆக இருந்து வெள்ளை அடிக்கப் போகிறீர்கள் என்றால் எபாக்சியைத் தவிர்க்கவே கூடாது. சில பழைய சிவப்பு நிறமிகள் தின்னரில் கரைந்து மேலே ஏறி, வெள்ளையை ரோஸாக்கிவிடும்.

வழி மூன்று: தகடு வரை எடுப்பது

துரு கொப்புளம் கிளம்பியிருந்தால், பட்டி வெடித்திருந்தால், தின்னர் சோதனையில் பெயிண்ட் சுருங்கினால் வேறு வழியில்லை. அம்பாசிடரில் முன் மட்கார்டு அடி, ராக்கர் (டோர்களுக்குக் கீழே ஓடும் தகடு), டோர் அடிவிளிம்பு, முன் கண்ணாடி ரப்பரின் கீழ், ரூஃப் ஓர மழைநீர்க் காடி, டிக்கி தரை ஆகியவை துருப்பிடிக்கும் இடங்கள். கொப்புளத்துக்கு மேல் அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாண்டாது. கீழே ஈரமும் காற்றும் போய்க்கொண்டே இருப்பதால் துரு நிற்பதில்லை.

பெயிண்ட் ரிமூவரைக் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, 15 முதல் 20 நிமிடம் விட்டுச் சுரண்டினால் சீக்கிரம் வரும். ஆனால் டோர் மடிப்பு, ஜாயிண்டு இடுக்கில் புகுந்த ரிமூவர் ஆறு மாதம் கழித்துப் புதுப் பெயிண்டையும் தூக்கும். இடுக்குப் பக்கம் இரண்டு அங்குலம் டேப் ஒட்டி விட்டுவிட்டு, அந்த இடத்தைப் பேப்பராலேயே எடுங்கள். கனத்த கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். மணல் பிளாஸ்டிங் சேஸிஸுக்கும் சக்கரத்துக்கும் சரி. பானட், ரூஃப் மாதிரி அகன்ற தகட்டில் அடித்தால் தகடு நெளிந்துவிடும், அந்த நெளிவை எந்த டிங்கராலும் முழுசாக எடுக்க முடியாது.

வீட்டில் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் ஆசையால்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்த வண்டியையும் உரித்துப் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் தகடு முழுக்கச் செம்பட்டை. ஒரு பேனலை உரித்தால் அன்று மாலைக்குள் எபாக்சி ஏறிவிட வேண்டும். ஆசிட் கலந்த துரு மாற்றி பூசியிருந்தால் அதை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே எபாக்சி. ஆசிட் மிச்சத்தின் மேல் எபாக்சியும் பிடிக்காது, பாலியஸ்டர் பட்டியும் பிடிக்காது.

பட்டியில் ஹார்ட்னர் நூறு கிராமுக்கு இரண்டு கிராம். சித்திரை வெயிலில் கொஞ்சம் குறைக்கலாம். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிப் பிழிந்தால், மிஞ்சிய ஹார்ட்னர் மேலே வந்து வெளிர் நிறப் பெயிண்டில் மஞ்சள் திட்டாக நிற்கும். வண்டியை மறுபடி தேய்க்க வைக்கும் தவறுகளில் இது முதல் வரிசை.

எந்தப் பெயிண்ட்?

என்சி, பட்டறை வழக்கில் டூகோ. 1920களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த பெயிண்டின் பெயர் நம் ஊரில் ஸ்ப்ரே வேலைக்கே பெயராகிவிட்டது. வீட்டில் அடிக்க இதுவே கைக்கு அடங்கியது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது, அதனால் தூசி உட்காராது. வழிந்தால் மறுநாள் தேய்த்துச் சரிசெய்யலாம். பழைய என்சி மேல் அடித்தால் கரைந்து ஒன்றாகிவிடும். குறைகளும் உண்டு. பெயிண்டும் தின்னரும் சரிபாதி அல்லது தின்னர் சற்று அதிகமாகக் கலப்பதால் படலம் மிக மெலிசு, ஆறேழு கோட் வேண்டும், கடைசியில் பாலிஷ் போடாமல் பளபளப்பு வராது. அம்பாசிடர் வெளிப்புறத்துக்கு மட்டும் நாலைந்து லிட்டர் பெயிண்டும் அதே அளவுக்கு மேல் தின்னரும் போகும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு வருஷம் ஒரு தடவை பாலிஷ் கேட்கும். பழைய எனாமல் மேல் மட்டும் அடிக்கவே கூடாது, கண்ணெதிரே சுருண்டுவிடும்.

சிந்தெட்டிக் எனாமல் மலிவு. டர்பன்டைன் பத்து முதல் இருபது சதம், இரண்டு கோட், வெளிப்புறத்துக்கு இரண்டு மூன்று லிட்டர். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் லாரிக்கு ஏற்றது. காருக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஒட்டாமல் ஆகவே நாலைந்து மணி நேரம், அதற்குள் ஊரில் உள்ள கொசுவெல்லாம் அதில் உட்காரும். முழுசாக இறுக வாரக்கணக்கு. நாளைக்கு நல்ல பெயிண்ட் அடிக்க நினைத்தால் இதை உரித்துத்தான் தீர வேண்டும்.

பி.யூ. எல்லாவற்றிலும் உயர்ந்தது. இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர் (ரகத்துக்கு ரகம் மாறும், டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு). இரண்டு கோட்டில் பளபளக்கும், பெட்ரோல் சிந்தினாலும் கறைபடாது. வெளிப்புறத்துக்கு இரண்டு லிட்டர், டோர் உள்விளிம்பு, டிக்கி, பானட் அடி எல்லாம் சேர்த்தால் மூன்று. பழைய என்சி மேல் அடிப்பதானால் நடுவில் எபாக்சி கட்டாயம். இல்லாவிட்டால் தின்னர் கீழே இறங்கி, தேய்த்த கீறல்கள் உப்பி, ஒரு மாதத்தில் மேலே கோடு கோடாகத் தெரியும். கனத்த என்சி மேலே பி.யூ. வேண்டவே வேண்டாம். மெத்தென்ற அடியில் இறுக்கமான மேல்படலம் வெடிக்கும்.

ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலே மூச்சு இழுக்கும் ஆஸ்துமா வரலாம். கெடுதல் செய்யும் அளவில்கூட வாடை தெரியாது, அதனால் கரி மாஸ்க் தீர்ந்துபோனதும் தெரியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் பி.யூ.வை வீட்டில் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் குழந்தைகள் விளையாடுகிற தெருவில் அந்த முகமூடி இருந்தாலும் அடிக்காதீர்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி தண்ணீரும் காற்றும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் கடினம். ஃப்ளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பெயிண்டுக்கு ஃப்ளோரைடு தனியாக எதிரி இல்லை, கரைந்திருக்கும் மொத்த உப்புதான் எதிரி. போர் தண்ணீரில் தேய்த்துவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால், ஐப்பசி மழையில் அந்த உப்பு படலத்தின் வழியாக ஈரத்தை உள்ளே இழுத்து, கடுகு கடுகாகக் கொப்புளம் போடும். பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். தேய்ப்புக்குப் போர் தண்ணீர் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. கேன் தண்ணீர். 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் ஒரு காருக்குப் போதும். காயவிடாமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஆடி மாதம் தொடவே வேண்டாம், காற்று அள்ளி வரும் மண் அத்தனையும் பானட்டில் இருக்கும். கிரானைட் லாரி ஓடும் சாலையோர வீடென்றால் எந்த மாதமும் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் என்சி அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படலத்தில் படிந்து, வெள்ளைப் புகை பிடித்தாற்போல் ஆகும். ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் தின்னர்) கலந்தால் குறையும், நாளைத் தள்ளிப்போட்டால் இன்னும் நல்லது. மாசி, பங்குனிக் காலை ஏழரை முதல் பத்து வரை தர்மபுரிக்குச் சரியான நேரம். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டில் தையில் பனி விலகவே ஒன்பதாகும், தகட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கும்வரை ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். மே மாதத் தகரக் கொட்டகையில் பெயிண்ட் வண்டிக்குப் போய்ச் சேருமுன்பே பாதி காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக விழும்.

வாசலிலா, பூத்திலா?

வீட்டு உபயோகத்துக்கு விற்கும் 1 எச்.பி., 25 லிட்டர் கம்ப்ரசர் ஒரு மட்கார்டுக்குத் தாங்கும். பானட்டில் பாதி போனதும் காற்று இறங்கி, பெயிண்ட் பொடியாகாமல் துளித்துளியாக விழும். முழு வண்டிக்குக் குறைந்தது 2 எச்.பி., 100 லிட்டர் டேங்க், கன்னுக்குமுன் ஈரம் பிரிக்கும் ஃபில்டர், 1.4 மில்லிமீட்டர் நாசில் (கன்னின் வாய்), சாதாரண கன்னில் 40 முதல் 50 பி.எஸ்.ஐ. வேண்டும். தென்னங்கீற்றுக் கொட்டகைக்குக் கீழே வேண்டாம், துகள் கொட்டிக்கொண்டே இருக்கும். தரையில் தண்ணீர் தெளியுங்கள். பக்கத்தில் அடுப்போ பொறி பறக்கும் ஃபேனோ இருக்கக் கூடாது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு கலப்பு வழிதான் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகும். கழற்றுவது, உரிப்பது, பட்டி, தேய்ப்பு, மாஸ்கிங் எல்லாவற்றையும் வீட்டில் முடித்து, மேல் கோட்டை மட்டும் ஓசூரிலோ சேலத்திலோ பூத் (தூசி புகாத பெயிண்ட் அறை) உள்ள பட்டறையில் பி.யூ.வாக அடித்து வாங்குவது. வேலையில் பெரும்பகுதி நேரத்தைத் தின்பது தேய்ப்பு, அதற்குப் பூத் தேவையில்லை. ஒரு நிபந்தனை: எந்த பிரைமர், எந்த ரகம் என்று பட்டறைக்காரரிடம் முன்பே பேசி, அவர் சொல்வதையே வாங்குங்கள். அடுத்தவர் அடித்த பிரைமருக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை. பூத்துக்குப் பணமில்லை, பழைய பெயிண்டும் என்சிதான் என்றால் வாசலிலேயே என்சி அடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடி ரப்பரைக் கழற்ற முடியாதபோது டேப்பை ரப்பர் ஓரத்தில் ஒட்டி நிறுத்திவிடாதீர்கள், அந்த விளிம்புதான் முதலில் உரியும். 3 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை ரப்பரின் உதட்டுக்கடியில் சுற்றிலும் நுழைத்தால் உதடு தூக்கி நிற்கும், பெயிண்ட் உள்ளே வரை போகும். கயிற்றை உருவியதும் ரப்பர் மூடிக்கொள்ளும்.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் அடிக்குமுன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும், பழைய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இது வந்து நிற்கும்.

அடித்து முடித்த பிறகு ஒரு மாதத்துக்கு மெழுகு வேண்டாம், தின்னரின் மிச்சம் வெளியேறட்டும். அந்த மாதத்தில் வெறும் தண்ணீர்க் கழுவல் மட்டும். நிழல் என்று மாமரத்தடியில் நிறுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி விடும் பிசுபிசுப்பில் தூசியும் கரும்பூசணமும் ஒட்டும். காய்க்கும் காலத்தில் காம்பிலிருந்து சொட்டும் பால், இறுகாத பெயிண்டில் விழுந்த இடத்தில் தழும்பு போட்டுவிடும். சொட்டினது தெரிந்தால் காயுமுன் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.